செருப்பும் சிலுவையும்

கேள்வி: குடும்ப உளவியல் சிகிச்சை படிக்கிறேன். இது கர்த்தர் கொடுத்த அழைப்பு என்று நம்பித்தான் வங்கி வேலையை விட்டேன். பயிற்சியிலோ, ‘உன் நம்பிக்கையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா’ என்கிறார்கள். கழற்றிவிட்டால் நான் யார்? நாளை என் மேசையில் சிறிய சிலுவை ஒன்று வைக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் செருப்பைப் பார்ப்போம் அம்மிணி. நம்ம ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவர்கள் இருவர் மட்டும் வருவதில்லை, ஒறம்பரையே வரும். வாசலில் ஐந்து ஜோடியாவது கிடக்கும். யாரும் மிதிக்காதபடி சுவரோரமாகச் சேர்த்து வைத்தது மாமியாருடையது. வழி நடுவே கழற்றிப் போட்டது பெண்ணின் தாய்மாமனுடையது; பேச வந்தவரே அவர்தான். கிளம்பத் தோதாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்த ஜோடி மாப்பிள்ளையுடையது. பாதிக் கதையை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். (கல்யாண மண்டபத்துக்கு ஏசி போடுகிறவர்கள் செருப்புக்கு ஓர் அலமாரி போட மாட்டேன் என்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. கேட்பாரில்லை.)

கூட்டத்தைக் கண்டு மிரள வேண்டாம். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் 1950களிலேயே நோயாளியின் குடும்பத்தையும் வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது பழைய வழக்கம். அது மிஷன் ஆஸ்பத்திரி என்பதைக் கழற்றச் சொன்னவருக்கு நினைவூட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மரே போவன், 1967-இல் சக நிபுணர்கள் கூடிய மாநாட்டில் தன் சொந்தக் குடும்ப விவகாரத்தையே எடுத்துவைத்துப் பேசினார். உங்களையும் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடச் சொல்லியிருப்பார்களே? அதில் ஞானஸ்நானம் வாங்கிய தாத்தா ஒருவர் இருந்தால், அவரை எந்த வாசலில் கழற்றுவது?

கழற்ற வேண்டியது நாட்டாமையை. இரண்டு பேருக்குள் பதற்றம் முற்றினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். போவன் இதை முக்கோணம் என்றார். தாய்மாமனுக்கு அடுத்து அகப்படுகிற ஆள் நீங்கள். “நீங்களே சொல்லுங்க மேடம், யாரு பக்கம் நியாயம்?” லூக்கா 12-ஆம் அதிகாரத்தை எடுங்கள். சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லுங்கள் என்று ஒருவன் இயேசுவிடம் வருகிறான். அச்சு அசல் கோபிச்செட்டிபாளையத்துக்காரன்! என்னை உங்களுக்கு நடுவராக வைத்தது யார் என்று அவர் கேட்டுவிட்டு, பேராசையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். முக்கோணத்திலிருந்து அவ்வளவு லாவகமாக நழுவியவரை வைத்துக்கொண்டு, நான் யார் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அவரைவிடத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைப் பின்பற்றுகிறவர்கள்தான் இப்போது ஆலோசனை மையம் திறக்கிறார்கள். இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், ஒரு கோட்டு. வந்தவர் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் வெற்றிக்கு ஏழு படிகள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். (இதற்கும் தாராபுரத்திலிருந்து திட்டி ஒரு கடிதம் வரும். வரட்டும்.)

சிலுவையா? என்னைக் கேட்டால் கழுத்துச் சங்கிலியில் இருப்பது போதும். அண்ணமார் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வருகிறவர் மேசையைப் பார்த்ததும் பாதி விஷயத்தை விழுங்கிவிட்டால், நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. அவராகக் கேட்டால் ஜெபம் செய்யுங்கள், சுருக்கமாக.

நீங்கள் பயப்பட வேண்டியது உங்கள் சபைக்குத்தான். அங்கே ரகசியம் வம்பாகக் கசிவதில்லை, ஜெப விண்ணப்பமாகக் கசியும். “அந்தச் சகோதரி குடும்பத்துக்காகக் கொஞ்சம் பாரத்தோட ஜெபிச்சுக்குங்க” என்று வெள்ளிக்கிழமை ஒருவர் காதில் விழுந்தால், ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் ஈரோடு முழுக்கப் பாரம் ஏறிவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. அதில் ஜெபக் கூட்டத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. பாஸ்டரம்மா எவ்வளவு உருக்கமாக விசாரித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த மாதம் அந்தம்மாவே உங்களிடம் வர வேண்டியிருக்கலாம்.