"பெண் பேச்சாளர்கள் வருவதில்லை" என்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் உடலியங்கியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் நரம்பியல் கருத்தரங்கில் 3 ஆண்டுகளாகப் பேசிய 24 பேரில் 2 பேர்தான் பெண்கள். கேட்டால், "தகுதி பார்த்துத்தான் கூப்பிடுகிறோம், அவர்கள்தான் வருவதில்லை" என்கிறார்கள். இந்த முறை ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். எப்படிப் பேசுவது?

பதில்: கோபம் நியாயமானதுதான். ஆனாலும் கூட்டத்தில் கணக்கை முதலில் வையுங்கள். நரம்பியல் ஆய்வாளர் யேல் நிவ் தொடங்கிய பயஸ்வாட்ச்நியூரோ (BiasWatchNeuro) என்ற இணையதளம் செய்வதும் இதுதான்: மேடையில் பெண்கள் எத்தனை பேர் என்பதை, அந்தத் துறையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிடுவது. நீங்கள் வழக்கமாக அழைக்கும் நிறுவனங்களின் ஆசிரியர் பட்டியலை எடுத்து எண்ணுங்கள். 30 சதவீதம் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பாரபட்சமே இல்லாமல் தேர்ந்தெடுத்தால், 24 பேரில் 2 அல்லது அதற்கும் குறைவான பெண்கள் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஓர் ஆண்டின் 8 பேரை மட்டும் பார்த்தால் இப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு பெண் வருவது தற்செயலாகவும் நடக்கும். அதனால் 3 ஆண்டுப் பட்டியலையும் சேர்த்தே காட்டுங்கள்.

"வருவதில்லை" என்பதை அடியோடு மறுக்க வேண்டாம். 2011-ல் நடந்த ஐரோப்பியப் பரிணாம உயிரியல் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட பெண்களில் பாதிப் பேர் மறுத்தார்கள். ஆண்களில் கால்வாசிப் பேர்தான். அதனால் ஒருவர் மறுத்ததும் நிறுத்திவிடாமல் அடுத்த பெயரைக் கையில் வைத்திருங்கள். 4 மாதம் முன்பே எழுதுங்கள். கைக்குழந்தையோடும் துணைக்கு ஒருவரோடும் வரலாம், அந்தச் செலவும் எங்களுடையது என்று அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு வாங்கப் பலர் கூச்சப்படுவார்கள். நிம்ஹான்ஸ், என்சிபிஎஸ், ஐஐஎஸ்சி போன்ற ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் உங்களுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில் இருக்கின்றன. காலை பத்தரைக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடித்தால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

அப்புறம், பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். தலைப்புகளை முதலில் முடிவு செய்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 4 பெயர் தேடுங்கள். நினைவிலிருந்து சொன்னால், கூடப் படித்தவர்களும் ஏற்கெனவே பேசியவர்களும்தான் வருவார்கள். "தகுதி" என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இதுதான் என்பது என் கருத்து. நீங்கள் குழுவில் இருப்பதே பெரிய விஷயம். அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் மாநாடுகள் பற்றி 2014-ல் வந்த ஆய்வில், ஒரு பெண்ணாவது சேர்ந்து அமைத்த அமர்வுகளில் பெண் பேச்சாளர்களின் விகிதம், ஆண்கள் மட்டுமே அமைத்தவற்றைவிட 72 சதவீதம் அதிகம்.

ஒரு தலைப்பும் சொல்கிறேன்: ஆய்வு விலங்குகளில் பாலினம். நரம்பியலில் ஒரு பாலினத்தை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில், பெண் விலங்குகளை மட்டும் வைத்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு ஆண் விலங்குகளை மட்டும் வைத்தவை என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. பாலின வேறுபாடு மருந்திலும் முக்கியம்: சோல்பிடெம் தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டுவதே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல்தான் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. மாணவர்களுக்கு இது நேரடியாகப் புரியும்.

கடைசியாக, கேள்வி நேரம். முதல் கேள்வியை ஆண் கேட்டால், அடுத்துக் கேட்பவர்களில் பெண்களின் விகிதம் குறைகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு கண்டது. முதல் வாய்ப்பை ஒரு மாணவிக்குக் கொடுக்கும்படி அமர்வுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.