ஸ்டேட்டஸுக்கு நடுவே நகைக்கடை: வாட்ஸ்அப் விளம்பரம் பற்றி வாசகர் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் விளம்பரம் தென்படத் தொடங்கியதிலிருந்து அதைப் பற்றிய கடிதங்கள் ஓயவில்லை. பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், விளம்பரம் கொடுக்க நினைக்கும் சிறு வியாபாரிகள் இன்னொரு பக்கம். இரு தரப்பிலிருந்தும் ஐந்து கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகளின் திருமணத்துக்கு வாங்க வேண்டிய ஆரம் பற்றி நானும் அவளும் வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் எழுதிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் என் தங்கை வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்து முடித்ததும், அடுத்ததாக ஒரு நகைக்கடையின் ஆரம் வந்து நின்றது. எங்கள் பேச்சை யாராவது படிக்கிறார்களா? பயமாக இருக்கிறது, ஐயா.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. ஆனால் அந்த ஆரம் உங்கள் பேச்சைப் படித்து வந்ததல்ல. தாயும் மகளும் எழுதிக்கொண்டது உங்கள் கைபேசியில் பூட்டப்பட்டு, மகளின் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் சாவி கிடையாது. 2016 ஏப்ரல் முதல் எல்லாத் தனிப்பட்ட உரையாடல்களுக்கும் இந்தப் பூட்டு உண்டு. 2025 ஜூன் 16 அன்று விளம்பரத்தை அறிவித்தபோதும், தனிப்பட்ட செய்திகள், அழைப்புகள், குழுக்கள் ஆகியவற்றை விளம்பரத் தேர்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை என்றே வாட்ஸ்அப் சொன்னது.

பிறகு எப்படி வந்தது? நீங்கள் இருக்கும் நாடு அல்லது ஊர், கைபேசியில் வைத்திருக்கும் மொழி, பின்தொடரும் சேனல்கள், முன்பு எந்த விளம்பரத்தைத் தொட்டீர்கள் என்பவை போதும். முகூர்த்த மாதங்களில் நகைக்கடைகள் ஊர் முழுவதற்கும் விளம்பரத்தை வீசுகின்றன. உங்கள் பக்கத்து வீட்டில் ஆரம் பற்றி யாருமே பேசாமல் இருந்திருக்கலாம். அவர்களுக்கும் அதே விளம்பரம் போயிருக்கும். அவர்கள் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள், உங்கள் கண்ணில் மட்டும் அது தைத்தது.

இன்னொரு வழியும் உண்டு. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் வாட்ஸ்அப்பை உங்கள் ஃபேஸ்புக்குடனும் இன்ஸ்டாகிராமுடனும் இணைத்திருந்தால், அங்கே நீங்கள் பார்த்தவையும் விரும்பியவையும் இங்கே வரும் விளம்பரத்தைத் தீர்மானிக்கும். இன்ஸ்டாகிராமில் நான்கு ஆரங்களை நின்று பார்த்திருந்தால் ஐந்தாவது ஆரம் ஸ்டேட்டஸில் வரும். இந்த இணைப்பு கட்டாயமில்லை. இணைத்தது நினைவில்லை என்றால் இன்றே திறந்து பாருங்கள், இணைந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பூட்டு பற்றிச் சொன்னேன். அது உங்களைக் காப்பாற்றாத இடங்கள் இரண்டு உண்டு. ஒரு கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதினால், எழுதியது அந்தக் கடையின் கைக்குப் போய்விடுகிறது. அதைத் தன் விளம்பரத்துக்கு அந்தக் கடை பயன்படுத்தலாம். அதேபோல, வாட்ஸ்அப்பில் இருக்கும் மெட்டா ஏஐ என்ற உதவியாளரிடம் ‘பத்து சவரனில் ஆரம் காட்டு’ என்று கேட்டால் அது தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பேச்சல்ல. அந்த உரையாடல்களை 2025 டிசம்பர் 16 முதல், வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் விளம்பரத் தேர்வுக்குப் பயன்படுத்துகிறது. வாட்ஸ்அப்பில் நடப்பவற்றுக்கு, நான் மேலே சொன்ன இணைப்பு இருந்தால் இது பொருந்தும்.

அடுத்த முறை விளம்பரம் வரும்போது உடனே தள்ளிவிடாதீர்கள். கடையின் பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் ‘ஸ்பான்சர்ட்’ என்று இருக்கும். மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால், இது உங்களுக்கு ஏன் காட்டப்பட்டது என்ற விவரமும், மறைக்கும் வசதியும், புகார் செய்யும் வசதியும் வரும். ஊகித்துக்கொண்டு பயப்படுவதைவிட அந்த விவரத்தைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: விளம்பரமே வராது என்று சொல்லித்தானே வாட்ஸ்அப் ஆரம்பித்தார்கள்? பணம் கட்டுகிறேன், விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல வழி உண்டா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: சொன்னார்கள், உண்மைதான். 2009-இல் இதைத் தொடங்கிய ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் விளம்பரத்தை வெறுத்தவர்கள். ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012-இல் விளக்கமே எழுதினார்கள். முதல் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்பதுதான் அவர்களுடைய கணக்கு. 2014-இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016-இல் அந்தக் கட்டணமும் போனது. ‘இலவசம்’ என்று நாம் மகிழ்ந்த அந்த நாளிலேயே, இதற்கான பணம் வேறு யாரிடமிருந்தாவது வந்தாக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. ஆக்டன் 2017-இலும் கூம் 2018-இலும் வெளியேறினார்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. 2010-ஐ ஒட்டிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு வே2எஸ்எம்எஸ், 160பை2 தளங்கள் நினைவிருக்கும். கணினி மையத்தில் உட்கார்ந்து இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்புவோம். ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்பதன் வாலில் யாரோ ஒருவருடைய விளம்பரம் தொங்கிக்கொண்டு போகும். வாழ்த்தோடு ஒட்டிக்கொண்டு போன அந்த முறையைவிட, இப்போதைய ஏற்பாடு எனக்கு மேலாகவே தெரிகிறது. விளம்பரம் ‘அப்டேட்ஸ்’ பகுதி என்ற திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. உறவினரோடு பேசும் உள் அறைக்குள் வரவில்லை. ஸ்டேட்டஸையும் சேனல்களையும் திறக்காதவருக்கு அது கண்ணிலேயே படாது. பணம் கட்டித் தவிர்ப்பதை யோசிப்பதற்கு முன், திறக்காமல் இருந்து பாருங்கள்.

நிறுவனத்தின் வாக்கை அப்படியே நம்பிவிடச் சொல்லவில்லை. ‘ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விலகு’ என்ற பாணியில் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தகவலைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது.

கேள்வி: தொல்லை வேண்டாம் என்று 1909-இல் பதிவு செய்துவிட்டேன். குறுஞ்செய்தி குறைந்தது. ஆனால் துணிக்கடை, மருத்துவப் பரிசோதனை, மனை விற்பனை என்று வாட்ஸ்அப்பில் அதே ஆட்கள் வருகிறார்கள். பதிவு செய்து என்ன பயன்?
— வாசகர், மதுரை

பதில்: 1909 பதிவு தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் அந்த எல்லையோடு நின்றுவிடுகின்றன. வாட்ஸ்அப் இணையத்தின் வழியே ஓடுவதால் அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. விற்பனையாளர்கள் அங்கே இடம்பெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இது விதியில் இருக்கும் ஓட்டை, அடைக்க வேண்டிய ஓட்டை.

குறுஞ்செய்தியில் இப்போது அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே வகை தெரியும்: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. பதிவை மீறி விளம்பரம் வந்தால் ஏழு நாட்களுக்குள் 1909-க்குப் புகார் செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட வாசல் கிடையாது. அங்கே உங்கள் கையில் இருப்பது தடைசெய்வதும் புகார் செய்வதும்தான். வெறுமனே அழித்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் வரும். உங்கள் சம்மதம் இல்லாமல் வணிகச் செய்தி அனுப்பக் கூடாது என்பது வாட்ஸ்அப்பின் சொந்த விதி. புகார்கள் சேரச் சேர அந்த எண்ணின் தரமதிப்பு குறையும்.

எண் எங்கிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பில் போடும் மேசையிலிருந்துதான். சென்ற தீபாவளிக்கு ஒரு துணிக்கடையில் என் எண்ணைக் கேட்டார்கள். தர மாட்டேன் என்றேன். ‘எண் போடாவிட்டால் பில் வராது சார்’ என்றார் அந்தப் பெண். கைபேசி எண்ணைத் தரும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருப்பதைச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் சற்று யோசித்துவிட்டுக் கடையின் எண்ணையே தட்டினார், பில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கோபப்பட ஒன்றுமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறார். ஆனால் எண் இல்லாமலும் பில் வரும் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயப்படுத்தினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: சென்னிமலை போர்வைகளை வீட்டிலிருந்தே விற்கிறேன், அண்ணா. ஒரு விளம்பர முகவர் வந்து, பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் ஈரோடு, கோவை மாவட்டங்களில் பத்தாயிரம் பேருக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். எண்கள் அவரிடமே இருக்கிறதாம். கொடுக்கலாமா?
— வாசகி, சென்னிமலை

பதில்: கொடுக்காதீர்கள், தங்கையே. அந்தப் பத்தாயிரம் எண்களும் மேலே மதுரை வாசகர் எழுதியிருக்கிறாரே, அவரைப் போன்றவர்களுடைய எண்கள். ஒருவரும் உங்களிடம் போர்வை கேட்கவில்லை.

முகவர் எப்படி அனுப்புவார் என்று கேளுங்கள். சாதாரண எண்ணிலிருந்து மென்பொருள் வைத்துக் கொட்டுவதாக இருந்தால், பெறுபவர்கள் புகார் செய்த வேகத்தில் அந்த எண்ணை வாட்ஸ்அப் முடக்கிவிடும். இப்படி மாதந்தோறும் லட்சக்கணக்கான இந்தியக் கணக்குகள் முடக்கப்படுவதை நிறுவனத்தின் மாத அறிக்கைகளே காட்டியிருக்கின்றன. முடங்கும் எண் உங்களுடையதாக இருந்தால், பழைய வாடிக்கையாளர்களும் அதோடு போய்விடுவார்கள். முறைப்படி, வாட்ஸ்அப் வணிகர்களுக்கென்று தரும் கட்டண இணைப்பு வழியாக அனுப்புவதாகச் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்திய எண்ணுக்கு ஒரு விளம்பரச் செய்திக்கு மெட்டா வாங்கும் கட்டணம் ஒரு ரூபாய்க்கும் குறைவு, வரி தனி. மீதி முகவருக்கு. அந்த வழியிலும் பெறுபவரின் சம்மதம் வேண்டும். விலைக்கு வாங்கிய பட்டியலில் அது ஒருநாளும் இருக்காது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்கிக்கொள்வேன். அது இலவசம். போர்வைகளைப் படமும் விலையுமாக அடுக்கிவைக்கப் பட்டியல் வசதி அதில் இருக்கிறது. படம் எடுக்கும்போது மடித்துவைத்த போர்வையை எடுக்காதீர்கள். வாசல் வெளிச்சத்தில் விரித்து, கரையும் நெசவும் தெரியும்படி ஒரு மூலையை அருகில் வைத்து எடுங்கள். வாங்குகிறவர் கையால் தொட்டுப் பார்க்க முடியாத குறையை அந்த ஒரு படம்தான் தீர்க்கும். பழைய வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்ப பிராட்காஸ்ட் பட்டியல் போதும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சேமித்து வைத்தவர் உங்களை வேண்டும் என்று நினைப்பவர்.

புதியவர்களைத் தேட வேண்டுமென்றால் ஸ்டேட்டஸ் விளம்பரமும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் தொட்டவுடன் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் விளம்பரமும் இருக்கின்றன. இரண்டையும் மெட்டாவின் விளம்பரத் தளத்தில் நீங்களே போடலாம். நாளுக்கு எவ்வளவு செலவு என்பதையும் நீங்களே வைக்கலாம். நாளுக்கு இருநூறு ரூபாய் வீதம் ஒரு வாரம் போட்டு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் அளவுக்குப் பெரிய முடிவை அதன் பிறகு எடுக்கலாம்.

வாடிக்கையாளர் ஒருவர் ‘வாங்கினேன், அருமை’ என்று எழுதியதுபோல் செய்தி தயாரித்துக் குழுக்களில் விடுவதாகவும் அந்த முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தை விளம்பரம் அல்லாததுபோல் வேடமிட்டுக் காட்டுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடைசெய்திருக்கின்றன. விளம்பரம் பொய்யென்று முடிவானால் 2019 சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முகவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், விளம்பரத்தில் இருப்பது உங்கள் பெயர்.

கேள்வி: பங்குச் சந்தை பயிற்சி என்று ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைத் தொட்டேன். அது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குக் கொண்டுபோனது. தினமும் லாபம் காட்டுகிறார்கள். ஓய்வூதியப் பணத்தில் இரண்டு லட்சம் போடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். இது நாடு முழுவதும் நடந்துகொண்டிருக்கும் மோசடியின் அச்சு அசல் வடிவம். குழுவில் லாபம் காட்டுபவர்கள் கூட்டாளிகளாக இருப்பார்கள். அவர்கள் தரும் செயலியில் உங்கள் பணம் வளர்ந்துகொண்டே போகும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள்.

விளம்பரம் பெரிய நிறுவனத்தின் தளத்தில் வந்தது என்பது எதற்கும் உத்தரவாதம் அல்ல. இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் இணையதளத்தில் அந்தத் தரகரின் பதிவைத் தேடிப் பாருங்கள். 2025 அக்டோபர் 1 முதல், பதிவு பெற்ற தரகர்களின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் உயர்த்திய கட்டைவிரல் படம் தெரியும். உங்களிடம் அவர்கள் கொடுத்திருப்பது தனிநபர் வங்கிக் கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றே போதும்.

குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன், விளம்பரத்தையும் குழுவின் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் திரைப்பிடிப்பாக எடுத்துவைத்துப் புகார் செய்யுங்கள். இதே குழுவில் ஏற்கெனவே பணம் போட்டவர் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு அவரை இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் அதை நிறுத்திவைக்க முடிகிறது.