பிளஷ் டோரில் பூனைக் கதவு வைக்கலாமா?

கொல்லைப்புறத்தில் பிளஷ் டோர்தான் (மரச்சட்டத்தின் இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டையான கதவு) இருக்கிறது, அதில் பூனைக்கு ஒரு சின்னக் கதவு வைத்தால் பெரிய கதவு வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. எங்கே அறுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிளஷ் டோருக்குள் நாலு ஓரமும் மரச்சட்டம் ஓடும். அடிச்சட்டத்தை அறுத்தால் கதவின் பலமே போய்விடும். அதற்கு மேலேதான் துளை போட வேண்டும். பூனையை நிற்கவைத்து, தரையிலிருந்து வயிறு வரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. இருக்கும். துளையின் கீழ்விளிம்பு அந்த உயரத்தில் வரட்டும். கோடு போட்டு, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நாலு மூலையிலும் டிரில் போட்டபின் ஜிக்சாவை (மெல்லிய பிளேடு உள்ள மின்ரம்பம்) விட்டு அறுங்கள். டேப் ஒட்டாவிட்டால் மேல்தாள் சிலும்பு சிலும்பாகப் பெயரும் (என் முதல் கதவே சாட்சி).

கதவின் உள்ளே வெற்றிடமாக இருந்தால் அறுத்த இடத்தைச் சுற்றி ரீப்பர் கட்டை வைத்து ஒட்டுங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ முடுக்க முடுக்கக் கதவு அமுங்கும். ஓரங்களுக்கு பிரைமர் கட்டாயம். மழைத்தண்ணீர் ஏறினால் பிளைவுட் ஊதிவிடும்.

அப்புறம், பூனைக் கதவைப் பூட்டு உள்ளதாக வாங்குங்கள். பூனை வரும் வழியில் ராத்திரி பெருச்சாளியும் வரும்.

முதல் வாரம் பூனைக் கதவின் ஆடும் மடலைத் தூக்கி டேப் போட்டு வைத்து, அந்தப் பக்கம் ஒரு கருவாட்டுத் துண்டு காட்டுங்கள். பூனையைப் பிடித்துத் தள்ளினால் மட்டும் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகாது.