உருளைக்குள் உறங்கும் எரிபொருள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்க அணுமின் நிலையங்களின் பின்புறம் திறந்த வெளியில் பெரிய பெரிய கான்கிரீட் உருளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் படம் பார்த்தேன். உள்ளே இருப்பது ஒழுகினால் மண்ணில் இறங்கிவிடாதா? (வாசகர், நெய்வேலி)

பதில்: ஒழுகுவதற்கு உள்ளே திரவம் எதுவும் கிடையாது. பச்சையாகக் கொப்பளிக்கும் குழம்பெல்லாம் சினிமாக்காரர்களின் கற்பனை. இருப்பது உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள்: விரல்நுனி அளவு யுரேனியம் ஆக்சைடு வில்லைகள். பீங்கான் மாதிரிக் கெட்டியானவை. அவற்றைச் சுமார் 4 மீட்டர் நீள சிர்கோனியக் குழாய்களில் அடுக்கி, குழாய்களைக் கற்றையாகக் கட்டியிருப்பார்கள். உலையில் எரிந்து முடிந்த கற்றை குறைந்தது சில ஆண்டுகள், பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு மேல், தண்ணீர்க் குளத்தில் ஆற வேண்டும். சூடு தணிந்த பிறகுதான் உருளைக்கு வரும். குளங்கள் நிரம்பத் தொடங்கியதால் வந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1986-ல் வர்ஜீனியா மாநிலத்தில் 'சரி' (Surry) என்ற பெயருள்ள அணுமின் நிலையத்துக்குத்தான் முதல் உரிமம் கிடைத்தது.

கேள்வி: குளத்திலிருந்து உருளைக்கு எப்படி மாற்றுகிறார்கள்? வெளியே எடுத்தால் கதிர்வீச்சு தாக்காதா? (வாசகர், மதுரை)

பதில்: கற்றையைத் தண்ணீருக்கு வெளியே எடுப்பதே இல்லை, கலன்தான் குளத்துக்குள் போகிறது. அரை அங்குலத் தடிமன் அல்லது அதைவிடச் சற்றே கூடுதலான துருப்பிடிக்காத எஃகுக் கலனை, தடித்த கவச உறைக்குள் வைத்துக் குளத்தில் இறக்குவார்கள். அடுத்து தண்ணீருக்கடியிலேயே கற்றைகளை ஒவ்வொன்றாக அறைகளில் செருகி (இப்போதைய கலன்களில் 32, 37 என்று பிடிக்கும்), மூடியையும் அங்கேயே வைத்துவிட்டு மேலே தூக்குவார்கள். அறைகளுக்கு நடுவே போரான் கலந்த தகடுகள் உண்டு. நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினை மூளாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை.

வெளியே வந்ததும் மூடியை வெல்டிங் செய்ய வேண்டும். இங்கே ஓர் ஆபத்து. கலனின் பூச்சோ உலோகமோ தண்ணீரோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். 1996 மே மாதம் விஸ்கான்சினின் பாயின்ட் பீச் நிலையத்தில் துத்தநாகப் பூச்சு இப்படித்தான் ஹைட்ரஜனைக் கிளப்பியது. வெல்டிங் தீப்பொறி பட்டதும் ஏறக்குறைய 3 டன் மூடி சில அங்குலம் எம்பி நின்றது. யாருக்கும் காயமில்லை. இப்போதெல்லாம் மூடிக்கு அடியில் மந்த வாயுவை ஓடவிட்டு, ஹைட்ரஜன் சேர்கிறதா என்று அளந்துகொண்டேதான் வெல்டிங் செய்கிறார்கள்.

உண்மையில் கஷ்டமான வேலை அதற்கு அப்புறம்தான்: உலர்த்துவது. உள்ளே ஈரம் தங்கினால் கதிர்வீச்சு அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும், உலோகமும் அரிக்கும். தண்ணீரை வடித்துவிட்டு வெற்றிடப் பம்பைப் போடுகிறார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் மிச்சத் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 3 டாருக்கு (சாதாரணக் காற்றழுத்தம் 760 டார்) வந்ததும் வால்வை மூடி அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கம். முள் ஏறினால் எங்கோ ஈரம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து. அதற்காக நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. வெற்றிடத்தில் சூட்டைக் கடத்த வாயு கிடையாது, கற்றை சூடேறிக்கொண்டே போகும். சிர்கோனிய உறை 400 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. கடைசியில் ஹீலியம் நிரப்பி, துளைகளையும் வெல்டிங் செய்து அடைப்பார்கள். அதன் பிறகுதான் கலன் கான்கிரீட் உருளைக்குள் போகும். ஹீலியம் எதனோடும் வினைபுரியாது. சூட்டையும் காற்றைவிட ஆறு மடங்கு நன்றாகக் கடத்தும்.

கேள்வி: மின்சாரம் போனால் என்ன ஆகும்? நிலநடுக்கம், சுனாமி வந்தால்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: குளிர்விக்க மின்சாரமே தேவையில்லை. கான்கிரீட் உறையின் அடியில் காற்று நுழையும் திறப்புகளும் மேலே வெளியேறும் திறப்புகளும் உண்டு. கலனின் சூட்டில் காற்று தானாகவே மேலேறும், புகைபோக்கி மாதிரி. ஆகையால் தினசரி வேலை என்பது இலை, பனி, குருவிக்கூடு எதுவும் திறப்பை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் வெப்பநிலையைக் குறிப்பதும்தான். 2011 ஆகஸ்ட் 23 நிலநடுக்கத்தில் வர்ஜீனியாவின் நார்த் அன்னாவில் செங்குத்தாக நின்ற 27 உருளைகளில் 25 இடம்பெயர்ந்தன. அதிகபட்சம் நாலரை அங்குலம், ஒன்றும் சாயவில்லை. புகுஷிமா டாயிச்சியிலும் சுனாமி நீர் புகுந்த கட்டடத்தில் 9 உருளைகள், 408 கற்றைகளோடு தப்பின.

நிற்கும் உருளையைவிட, தூக்கி இறக்கும் நேரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். 2018 ஆகஸ்ட் 3 அன்று கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரேயில் 50 டன் கலன் ஒன்றைச் சேமிப்புக் குழிக்குள் இறக்கும்போது உள்விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் தூக்குபட்டையைத் தளர்த்திவிட்டார்கள். கீழே 18 அடி வெறும் இடம். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிடிமானமின்றி நின்ற பிறகு கவனித்து மீட்டார்கள். பாரத்தைக் காட்டும் கருவியை யாராவது பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த நொடியிலேயே தெரிந்திருக்கும்.

கேள்வி: கடலோரத்தில் வைத்தால் துருப்பிடிக்காதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: துருவை விட விரிசல்தான் கவலை. கலன் சூடாக இருக்கும்வரை மேலே படிந்த உப்பு காய்ந்தே கிடக்கும். பத்திருபது ஆண்டுகளில் கலன் ஆறி வந்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். வெல்டிங் ஓரத்தில் எஃகுக்குள் ஏற்கெனவே இழுவிசை தங்கியிருக்கும். உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்தால் நுண்விரிசல் ஊடுருவலாம். கலனுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளிதான் என்பதால் சிறு ரோபோவை விட்டுத்தான் பார்க்க முடிகிறது. ஜெர்மனியின் காஸ்டர் உருளைகளில் இந்தச் சிக்கல் குறைவு. தடித்த வார்ப்பிரும்புச் சுவர், போல்ட் போட்ட இரட்டை மூடி, இரண்டுக்கும் இடையிலான வாயு அழுத்தத்தை அளக்கும் கருவி. ஒரு மூடி கசிந்தாலும் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். விலை அதிகம்.

கேள்வி: கூடங்குளத்தில் ஏ.எஃப்.ஆர். கட்டினால் அதுதான் நிரந்தரக் கிடங்கா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. ஏ.எஃப்.ஆர். (Away From Reactor) என்பது உலைக் கட்டடத்துக்கு வெளியே இருக்கும் இடைக்காலச் சேமிப்பு. பூமிக்கு அடியில், ஆழமான பாறைக்குள் அமைப்பதுதான் நிரந்தரக் கிடங்கு. கூடங்குளம் வழக்கில் வந்த 2013 மே 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறது. இந்தியாவின் கொள்கை எரிபொருளை மறுசுத்திகரித்துப் பயன்படுத்துவது, எனவே இங்கே சேமிப்பு என்பது அதற்கான காத்திருப்பு.

கேள்வி: 'தற்காலிகம்' என்றால் எத்தனை வருடம்? (வாசகர், சென்னை)

பதில்: அமெரிக்காவில் 1998 ஜனவரி 31 முதல் எரிபொருளை அரசே எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். நெவாடாவின் யுக்கா மலையில் நிரந்தரக் கிடங்கு அமைக்கும் திட்டம் முடங்கியதால் இன்றுவரை எடுக்கவில்லை. உருளைகளுக்கு உரிமம் அதிகபட்சம் 40 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். மெய்ன் யாங்கி நிலையத்தை 2005-க்குள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். எரிபொருள் இருக்கும் 60 உருளைகளும், உலையின் உள்பாகங்களை வெட்டிப்போட்ட 4 உருளைகளும் மட்டும் அங்கேயே நிற்கின்றன, ஆயுதக் காவலோடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி டாலர் செலவு. உரிமையாளர்கள் வழக்குப் போட்டு அரசிடமிருந்து வசூலித்துக்கொள்கிறார்கள்.