கல்முனை வரை ஓடிவந்த குதிகால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் ஓட்டக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 41 வயது, ஊர் களுவாஞ்சிகுடி, வங்கியில் வேலை. பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மரதன் ஓடியதோடு சரி, பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. போன வருடம்தான் நடக்கத் தொடங்கி மெல்ல ஓட்டத்துக்கு வந்தேன். ஒக்டோபரில் கொழும்பில் முழு மரதனுக்குப் பணம் கட்டிப் பதிந்தும்விட்டேன்.

ஞாயிறுகளில் 14, 15 கிலோமீற்றர் பிரச்சினையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன். ஜூன் கடைசியில் இரண்டு நண்பர்களோடு கல்முனை வரை போய்த் திரும்பினேன், 24 வந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை கட்டிலால் இறங்கினால் வலது குதிகாலுக்கு மேலே விறைத்துப்போய் நொண்டித்தான் நடந்தேன். பத்து நிமிடத்தில் இளகிவிடும். மூன்று கிழமையாக இப்படித்தான்.

பரிகாரி ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். டைக்ளோபெனக் குளிசை போட்டுக்கொண்டு ஓடினால் நோவு தெரிவதில்லை. ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ரோட்டை விட்டு மணலில் ஓடச் சொன்னார்கள், கடற்கரையில் ஓடிப் பார்த்தேன், கூடினது போல இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து மச்சான் அனுப்பிய சப்பாத்துத்தான் ஜூனிலிருந்து போடுகிறேன், மெல்லிய அடி, வெறுங்காலில் ஓடுவது போல இருக்கும். வேறு வருத்தம் ஒன்றும் இல்லை. மே மாதம் சிறுநீர்த் தொற்று வந்து சிப்ரோஃப்ளொக்சசின் எடுத்தேன், அவ்வளவுதான்.

அப்பா கதிர்காமத்துக்குப் பல தடவை நடந்து போனவர், அதுவும் செருப்பில்லாமல். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நீண்ட ஓட்டத்தை விட்டால் 42ஐ எப்படி ஓடுவது? மனைவி முழுதாக நிறுத்தச் சொல்கிறார்.

– வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

நீங்கள் "அவ்வளவுதான்" என்று தள்ளிவிட்டுப் போன வரியில்தான் நான் முதலில் நின்றேன். சிப்ரோஃப்ளொக்சசின் சேர்ந்த மருந்து வகைக்குத் தசைநாண்களைப் பழுதாக்கும் பக்கவிளைவு ஒன்று உண்டு, அதிலும் பெரும்பாலும் அடி விழுவது நீங்கள் சொல்லும் இதே இடத்தில், கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாணில். அபூர்வம்தான். ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008இல், நாண் அறுந்துபோகலாம் என்று மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதவைத்த அளவுக்கு நிச்சயமான விஷயம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் போன பிறகும் வரலாம். உங்கள் நோவுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, கல்முனைப் பயணம் ஒன்றே போதும். என்றாலும் இந்தக் கிழமையே ஒரு டொக்டரிடம் காலைக் காட்டுங்கள், மருந்தின் பெயரையும் எடுத்த திகதியையும் நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று இருக்காதீர்கள். அவர் பார்க்கும்வரை ஓட வேண்டாம்.

ஊசி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீரொயிட் ஊசி கொஞ்ச நாளைக்கு நோவை அடக்கும், ஆனால் அக்கிலிஸ் நாணுக்குள் அதைப் போட்டால் நாண் அறுந்துபோகும் ஆபத்து இருப்பதால் விபரம் தெரிந்த வைத்தியர்கள் தயங்குவார்கள். உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே அந்த மருந்துக் கதை வேறு இருக்கிறது. அறுந்தால் தெரியாமல் போகாது: பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்தது போல இருக்கும், பலருக்கு 'டப்' என்று சத்தமே கேட்கும், பிறகு அந்தக் காலின் நுனியில் எழும்ப முடியாது. அப்படி நடந்தால் உருவிவிடப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, டொக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, நாண் நோவுதான் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனிச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காலையில் காலைக் கீழே வைப்பதற்கு முன், கட்டிலில் இருந்தபடியே, அந்த நாணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு பக்கமும் பிடித்து, குதி எலும்பிலிருந்து மேல்நோக்கி மெல்லக் கிள்ளிக்கொண்டே போங்கள். எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்ரிமீற்றர் மேலே 'ஆ' என்று வந்தால் அது நாணின் நடுப்பகுதி, மற்றக் காலோடு ஒப்பிட்டால் சிலவேளை அந்த இடம் தடித்தும் இருக்கும். எலும்போடு ஒட்டும் இடத்திலேயே நொந்தால் அது வேறு வகை, பயிற்சியும் மாறும். எது என்று தெரியாமல் யூடியூப் பார்த்துப் பயிற்சி செய்யாதீர்கள்.

இனி, ஏன் வந்தது. நீங்களே காரணங்களை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் என்னிடம் கேட்கிறீர்கள்! மச்சானின் சப்பாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதி முன்பாதத்தைவிட 10 மில்லிமீற்றர் அளவு உயர்ந்திருக்கும், தட்டையான மெல்லிய சப்பாத்தில் அது இல்லை. குதி கீழே இறங்க இறங்க நாணும் கெண்டைக்காலும் கூடுதலாக இழுபடும். அப்படியான சப்பாத்துக்குக் காலைப் பழக்க மாதக்கணக்கு வேண்டும், நீங்கள் அதைப் போட்ட அதே மாதத்தில் 24 ஓடியிருக்கிறீர்கள். பழைய சப்பாத்துக்கே திரும்புங்கள், மச்சான் கோபிக்க மாட்டார், புதியதைச் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், கல்லடிக் கடற்கரையில் காலையில் போய்ப் பார்த்தால் முழங்கால் நோவுக்காரர், குதிநோவுக்காரர் எல்லாரும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறார்கள். முழங்காலுக்கு எப்படியோ, அக்கிலிஸ் நாணுக்குக் காய்ந்த மணல் கூடாது. ஒவ்வோர் அடியிலும் குதி புதையும், அதை மேலே தூக்குவது முழுக்கக் கெண்டைக்காலின் வேலை. அலை நனைத்த இறுகிய மணலில் ஓடலாமே என்றால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். ரோட்டு ஓரத்திலும் இந்தச் சரிவு உண்டு, அதனால் வாகனம் குறைந்த உள்வீதியாகப் பார்த்து நடுப்பக்கமாக ஓடுங்கள்.

ஆனால் சப்பாத்தும் மணலும் உடந்தைதான், பெரிய குற்றவாளி அந்த ஞாயிற்றுக்கிழமை. கிழமைக்குக் கிழமை மொத்தத் தூரத்தைப் பத்துச் சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஒரு பழைய விதி இருக்கிறது, நீங்களும் வாசித்திருப்பீர்கள். 2025இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, 5,200 பேர் அளவில் அவர்களுடைய கைக்கடிகாரத் தரவுகளை வைத்துப் பார்த்தது. கிழமை மொத்தத்தைக் கூட்டியதற்கும் காயத்துக்கும் எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் பத்துச் சதவீதத்துக்கு மேல் தாவினவர்களுக்குத்தான் காயம் கூடியிருந்தது, இருமடங்குக்கு மேல் தாவினவர்களுக்கு ஆபத்தும் இருமடங்குக்கு மேல். நீங்கள் 15இலிருந்து 24க்குப் போனது 60 சதவீதம். கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊர் ஊராகக் கடந்துபோகும்போது பேச்சுத் துணையும் இருந்தால் தூரம் தெரியாது, அதுதான் ஆபத்து. போனால் திரும்பி வரவும் வேண்டுமே.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது அப்படியில்லை, ஒவ்வோர் அடியிலும் அந்த நாண் உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கு மேல் இழுவையைத் தாங்குகிறது, 24 கிலோமீற்றருக்கு அது ஒரு காலுக்குப் பன்னிரண்டாயிரம் தடவை போலத் தேறும். அதோடு உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போகிற அடியார்கள் ஒரே நாளிலா கதிர்காமம் போய்ச் சேர்கிறார்கள்? கோயிலுக்குக் கோயில் தங்கி, அன்னதானம் சாப்பிட்டு, வெயில் ஏறினால் மரநிழலில் சரிந்து, நாட்கணக்காக நடக்கிறார்கள். முதல் நாள் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குளிசை போட்டுக்கொண்டு ஓடுவதை இன்றோடு விடுங்கள். நோவை மறைப்பது ஒரு பக்கம். டைக்ளோபெனக், இபுபுரொஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், கச்சான் காற்று அடிக்கிற இந்த ஆடி மாதத்தில் இரண்டு மணித்தியாலம் வியர்த்து உடம்பு வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்துக்குச் செய்கிற அநியாயம். பரிகாரியார் கெண்டைக்கால் தசையை உருவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நாணைப் போட்டு நசுக்க விடாதீர்கள்.

மருந்து என்று ஒன்று இருந்தால் அது பயிற்சிதான். சுவீடனில் ஹோக்கன் அல்ஃபிரட்சன் என்ற எலும்பியல் மருத்துவருக்கே இந்த நோவு வந்தது. சத்திரசிகிச்சை செய்துகொள்ள விரும்பினார், மேலதிகாரி விடவில்லை. சரி, இன்னும் பழுதாக்கினால் செய்துதானே ஆகவேண்டும் என்று நோக நோகக் குதியை இறக்கிப் பயிற்சி செய்திருக்கிறார், நோவு மாறிவிட்டது. அவரே சொல்லும் கதை இது. பிறகு நோயாளிகளிடம் முறையாகச் செய்து 1998இல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் மேலே எழும்பி, நோகும் காலில் மட்டும் பாரத்தைப் போட்டு மெதுவாகக் குதியைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, மடித்து ஒரு முறை, காலையும் மாலையும், 12 கிழமை. கணக்குப் பார்த்தால் நாளுக்கு 180. வங்கியில் கவுண்டரில் நின்றுவிட்டு வந்து இதைச் செய்வீர்களா என்று எனக்குச் சந்தேகம். 2015இல் டென்மார்க்கில், கிழமைக்கு மூன்று நாள் மட்டும் கனமான பாரத்தோடு மிக மெதுவாக ஏறி இறங்கவைத்துப் பார்த்தார்கள், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். புத்தகப் பையில் அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு செய்தாலும் பாரம்தான். எலும்போடு ஒட்டும் இடத்தில் நோவு என்றால் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள், குதி தரைக்குக் கீழே போகக்கூடாது.

இந்த 12 கிழமையும் ஓடாமல் இருக்க வேண்டுமா? இல்லை. 2007இல் சுவீடனிலேயே, ஓட்டத்தை நிறுத்தாமல் பயிற்சி செய்தவர்களையும் நிறுத்திவிட்டுச் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள், ஓடினவர்கள் பின்தங்கவில்லை. நிபந்தனை உண்டு. நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள், ஓடும்போதும் முடிந்த பிறகும் ஐந்தைத் தாண்டக்கூடாது, அடுத்த நாள் காலை அடங்கியிருக்க வேண்டும், கிழமைக்குக் கிழமை கூடக்கூடாது. உங்களுக்கு நான் மூன்று என்றே வைப்பேன், அந்த மருந்துக் கதை இருப்பதால். ஓடிய அடுத்த நாள் ஓட வேண்டாம், நாண் அவ்வளவு கெதியில் தேறாது.

நீண்ட ஓட்டத்தை இப்போது பூச்சியத்திலிருந்து கட்ட வேண்டும். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கலோவே பல்லாயிரம் பேரை நடந்து நடந்து ஓடவைத்துத்தான் மரதன் முடிக்கவைத்தார். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், அந்த நேரத்து நாய்களுக்கு ஒரு தடி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்த போத்தல் ஒன்று கையில் இருக்கட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போவது சோடியம். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் கூடாது, தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஒக்டோபரில் 42ஐ விட்டுவிடுங்கள். ஏன் என்றால், இது வெறும் கணக்கு. கால் நோவே இல்லாமல் 15இல் நின்று, ஒவ்வொரு தடவையும் பத்துச் சதவீதமாக ஏறினாலும், மரதனுக்கு முன் பயிற்சியில் ஓடிப் பார்க்கும் 32ஐத் தொட எட்டுப் படி வேண்டும். இடையில் இறக்கி ஓடும் கிழமைகள் வேண்டும், கடைசி இரண்டு மூன்று கிழமை ஓய்வாக ஓட வேண்டும். உங்களிடம் இருப்பது 12 கிழமை, அதையும் நாண் எடுத்துக்கொள்கிறது. 21 ஓடலாம், அதுகூட செப்ரெம்பர் நடுவில் நோவில்லாமல் 14 ஓட முடிந்தால் மட்டும். மனைவி சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். முழு மரதனுக்கு மாரி வெள்ளம் வடிந்த பிறகு, தையில் புதிதாகத் தொடங்கலாம்.

பதிவை அரை மரதனுக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள், கிட்டப் போனால் மாற்றித் தரமாட்டார்கள். முடியாது என்றால் பணம் போகட்டும், கட்டிய காசுக்காக 42க்குப் போய் நிற்காதீர்கள். டொக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.