ஷவர் ஹீட்டருக்கு 20 ஆம்பியர் எம்சிபி போதுமா?

கேள்வி: மூணாறில் வீடு. ஷவருக்கு 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கியிருக்கிறோம். பழைய 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி, 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டால் போதும் என்கிறார் ஒயர்மேன். மெயினில் 63 ஆம்பியர், 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணைக்கும் கருவி) இருக்கிறது. சரிதானா?

பதில்: பிளக் வேண்டவே வேண்டாம். 4.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 19.6 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கின் பின்கள் சூடேறிக் கருகிவிடும். 20 ஆம்பியர் எம்சிபியும் விளிம்பிலேயே ஓடும். போர்டு சூடானால் பாதிக் குளியலில் விழும், அதாவது டிரிப் ஆகும். 25 ஆம்பியர் போடுங்கள். ஆனால் எம்சிபியை மட்டும் மாற்றினால் ஆபத்து. சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஏறத்தாழ 24 ஆம்பியர்தான் தாங்கும். போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, எர்த்துக்கும் அதே கனத்தில் போட்டு, குளியலறைக்கு வெளியே லைன், நியூட்ரல் இரண்டையும் அணைக்கும் 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் வைத்து, ஹீட்டருக்கு நேரடியாக இணைப்புக் கொடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று: எம்சிபி காப்பது ஒயரை, குளிப்பவரை அல்ல. பாறை மேட்டில் எர்த் குழியின் மின்தடை 20 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை; கோடையில் மண் காய்ந்தால் இன்னும் கூடும். ஹீட்டரின் உலோகப் பாகத்தில் லைன் பட்டால் அந்த எர்த் வழியாக 230÷20, அதாவது 11.5 ஆம்பியர்தான் ஓடும். 25 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு, அசையவே அசையாது.

மெயினில் உள்ள ஆர்சிசிபி இந்தக் கசிவுக்கு விழும். ஆனால் எர்த் ஒயர் அறுந்திருந்தால் மின்சாரம் நனைந்த உடம்பு வழியாகத்தான் போகும். 40, 50 மில்லிஆம்பியரே உயிரை எடுக்கலாம். 100 மில்லிஆம்பியர் கருவி அதற்கு விழும் என்று நம்ப முடியாது. ஆகவே ஹீட்டர் லைனுக்கென்று 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் டபுள் போல் ஆர்சிசிபி தனியாக வேண்டும். எம்சிபியையும் இதையும் ஒன்றாக்கிய 25 ஆம்பியர் ஆர்சிபிஓ கிடைத்தால் இன்னும் நல்லது, போர்டில் இடமும் மிச்சம். பெரிய கசிவில் மெயினும் சேர்ந்து விழலாம்; அது கோளாறல்ல.

பலரும் தவறுவது நியூட்ரலில். ஹீட்டரின் நியூட்ரல் புது ஆர்சிசிபியின் அவுட்புட்டிலிருந்தே வர வேண்டும். பொது நியூட்ரல் பாரில் கட்டினால் ஹீட்டர் போட்டவுடன் விழும். அப்போது கருவியைக் குறை சொல்லிக் கழற்றிவிடுவார்கள், அதற்கு விடாதீர்கள்.

சில மாதம் கழித்து ஆர்சிசிபி அடிக்கடி விழத் தொடங்கினால் டபுள் போல் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நின்றால் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறை அரித்திருக்கும், மாற்றுங்கள். அணைத்தும் விழுந்தால் ஒயரிங்கில் குறை. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது கருவியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தை மார்ச், ஏப்ரலில் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.