எருக்கை எந்த அலமாரியில் தேடுவது? ஹெர்பேரியம் பற்றிக் கேள்வி பதில்

மேடம், அடுத்த வாரம், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கும் கோவை ஹெர்பேரியத்துக்குப் போகிறோம். எருக்கு மாதிரியைப் பார்க்க வேண்டும். அகர வரிசையில் தேடலாமா?

கிடைக்காது. முதலில் குடும்பம், அப்புறம் பேரினம், அதற்குள் சிற்றினம் என்று போக வேண்டும். நம் நாட்டின் பழைய ஹெர்பேரியங்களில் பெரும்பாலும் பெந்தம்-ஹூக்கர் வரிசைதான், அதாவது அந்த இரண்டு தாவரவியலாளர்கள் குடும்பங்களை அடுக்கிய வரிசை. ரனன்குலேசி குடும்பத்தில் தொடங்கிப் புல் குடும்பத்தில் முடியும். 1915இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அதே வரிசையில்தான் இருக்கிறது. அதனால் கேம்பிளைப் புரட்டத் தெரிந்தவருக்கு அலமாரி பாதி திறந்த மாதிரி.

ஆனால் எருக்கு ஆளைச் சுற்றவிடும். பாடப்புத்தகத்தில் அது இப்போது அரளியோடு அப்போசைனேசி குடும்பத்தில் இருக்கும். பழைய வரிசையில் அஸ்கிளிப்பியடேசி தனிக் குடும்பம். தாள் அங்கேதான் கிடக்கும். இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

புது முறைக்கு மாற்றினால் என்ன? சோம்பலா?

சோம்பல் இல்லை சார். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஹெர்பேரியத்தில் மாற்றினார்கள். அதற்கு ஆளும் இடமும் பணமும் வேண்டும். கோவைத் தொகுப்பு 1909இல் சென்னையிலிருந்து வந்தது. அதில் அதற்கும் முந்தைய தாள்கள் உண்டு. நூறு வருஷம் காய்ந்த இலை, எடுத்து வைக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். என்னைக் கேட்டால், தாள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கணினிப் பட்டியலில் புதுப் பெயரைச் சேர்த்தால் போதும்.

ஒரே தாளில் மூன்று பெயர்ச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. எதை நம்புவது?

நல்ல கேள்வி. கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிள் காலத்தில் அக்கேசியா அராபிகா, பிறகு அக்கேசியா நிலோட்டிகா, இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. பெயரைத் திருத்துகிறவர் பழைய சீட்டைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது. தன் பெயரும் தேதியும் போட்டுப் புதுச் சீட்டை ஒட்ட வேண்டும். பொதுவாகக் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். கடைசியாகப் பார்த்தவரும் தவறியிருக்கலாம்.

பெயர் எத்தனை முறை மாறினாலும் சேகரித்தவர் பெயரும் அவர் போட்ட எண்ணும் மாறாது. ஒரே செடியிலிருந்து எடுத்த கிளைகளுக்கு ஒரே எண் போட்டு, வேறு ஹெர்பேரியங்களுக்கும் அனுப்புவார்கள். கட்டுரையில் அந்த எண்ணையும் ஹெர்பேரியத்தின் குறியீட்டையும் எழுதுங்கள். கோவைக்கு எம்.எச்., கியூவுக்கு கே. யார் வேண்டுமானாலும் அதே தாளைத் தேடி எடுத்துவிடலாம்.

சிவப்பு உறை என்ன?

வகைமாதிரி. ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக நின்ற தாள். பல இடங்களில் தனி அலமாரியில் இருக்கும். கேட்காமல் தொடாதீர்கள்.

எனக்கு நொச்சி என்ற தமிழ்ப் பெயர் மட்டும்தான் தெரியும்.

தமிழ்ப் பெயர்ப்படி எங்கும் அடுக்குவதில்லை. முதலில் வைடெக்ஸ் நெகுண்டோ என்று பிடித்துக்கொள்ளுங்கள். இங்கேயும் எருக்குக் கதைதான்: பாடத்தில் துளசிக் குடும்பம், அலமாரியில் வெர்பினேசி.

பனங்காயை எப்படித் தாளில் ஒட்டுவார்கள்?

ஒட்ட மாட்டார்கள்! பெரிய காய்கள் தனிப் பெட்டியில் இருக்கும். தாளில் உள்ள அதே எண்ணைப் பெட்டியிலும் எழுதியிருப்பார்கள். இன்னொன்று: பழைய தாள்களில் பூச்சி அரிக்காமலிருக்க மெர்குரிக் குளோரைடு தடவியிருப்பார்கள். அது விஷம். பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.